ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனால்: புதுசா, புதுப்பேட்டையா, பாய் கடையா?

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் சிக்னல் விழுந்தது. பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன், ஆர்பிஎம் முள் மூவாயிரத்துக்கு மேலே போகிறது, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரெண்டு மூன்று விநாடி கழித்துப் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி ஒரு குலுக்கலோடு கிளம்பியது. 2024 மார்ச்சில் நடந்தது இது. அதற்கு மூன்று மாதம் முன்னால், டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலன்று, வண்டி எங்கள் தெருவில் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றிருந்தது. தண்ணீர் வடிந்ததும் என்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றினேன். கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அன்றைக்கு வேலை பார்த்தவரும் சொல்லவில்லை. அந்த ஒரு தவறு என்னை மூன்று மாதம் அலைய வைத்தது. அந்த அலைச்சலில் விசாரித்தது, பார்த்தது எல்லாவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வடசென்னையில் ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருந்து இதே நிலைமையில் மாட்டுகிறவர்களுக்கு எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய உதவும்.

என் வண்டி 2011 மாடல் செடான், பெட்ரோல், நாலு கியர், டார்க் கன்வர்ட்டர் (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த பழைய ஆட்டோமேட்டிக். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்று ஒரே பேரில் நாம் கூப்பிடுவது நாலு வெவ்வேறு ஜாதி இயந்திரம், ஒன்றுக்குச் சரியான முடிவு இன்னொன்றுக்குத் தப்பு. மற்ற மூன்றைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

முதல் வழி, கம்பெனி சர்வீஸ் சென்டர். நான் போன இடத்தில் ஸ்கேனர் போட்டார்கள், கியர் ரேஷியோ தப்பு என்று பிழைக் குறியீடு வந்தது, அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் கையில் கொடுத்துவிட்டார்கள்: கியர்பாக்ஸ் அசெம்பிளி, அதாவது முழுப் பாக்ஸே புதுசு, லேபர், வரி எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்கு மேல், பொருள் வர ஆறு வாரம். வண்டியே விற்றால் அன்றைக்கு இரண்டரை லட்சம் போகும், அதுவும் நல்ல நிலையில் இருந்தால். "உள்ளே பிரித்துப் பார்த்து எது போயிருக்கிறதோ அதை மட்டும் மாற்ற முடியாதா சார்?" என்று கேட்டேன். "நாங்க பாக்ஸைப் பிரிக்கிறதில்ல சார், அசெம்பிளிதான்" என்றார் எஸ்டிமேட் கொடுத்தவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மாதத்துக்கு ஒரு ஆட்டோமேட்டிக் பாக்ஸ்கூட இறங்காத இடத்தில், அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த ஆளை வைத்திருப்பது கட்டுப்படியாகாது, பிரித்துக் கோத்ததற்கு வாரண்டி கொடுப்பதும் அவர்களுக்கு ஆபத்து. வண்டி வாரண்டியில் இருந்தால் வேறு எங்கேயும் போகாதீர்கள், இங்கேதான் போகவேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி, பாலிசியில் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறது, அதில் கியர்பாக்ஸும் சேர்த்தி என்றால் அப்போதும் இதுதான் வழி. ஆனால் வெள்ளம் வடிந்த கையோடு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, கயிறு கட்டி இழுக்காமல் டோ டிரக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். என் பாலிசியில் அந்த ஆட்-ஆனே இல்லை, நான் மூன்று மாதம் ஓட்டியும் விட்டேன்.

இரண்டாவது வழி புதுப்பேட்டை, பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் விற்கும் சந்தை. நம் ஊரில் எந்த பார்ட் போனாலும் முதலில் வாயில் வரும் பேர் அதுதான். என் வண்டிக்கு 42 ஆயிரம் சொன்னார்கள், பேசினால் 38-க்கு இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பாக்ஸ் என்பது இன்னொருவர் கழற்றிப் போட்ட வண்டியின் பாக்ஸ். அந்த வண்டி ஆக்சிடெண்டில் போனதா, வெள்ளத்தில் போனதா, கியர்பாக்ஸே போய்த்தான் உடைப்புக்கு வந்ததா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 2015-லும் 2023-லும் இந்த ஊரில் எத்தனை வண்டி மூழ்கியது என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் செத்த பாக்ஸுக்குப் பதில் தண்ணீரில் செத்த இன்னொரு பாக்ஸை வாங்கி மாட்டுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அப்படியும் அங்கேதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பேனை, அதாவது பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டை, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேனின் அடியில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி நைசாகப் பூத்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற மாதிரி சில்லு சில்லாக இருந்தால் அந்தப் பாக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். ஆயிலை முகர்ந்து பாருங்கள், கருகிய நாற்றம் அடித்தால் உள்ளே பிளேட் எரிந்திருக்கிறது. பாக்ஸ் மேல் இருக்கும் மாடல் குறியீடும் வயரிங் சாக்கெட்டும் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும், அதே பேர் கொண்ட வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் மாறியிருக்கும். இறக்கி ஏற்றும் கூலி, புது ஆயில், ஃபில்டர், முன் சீல் எல்லாம் இதற்கும் உண்டு, அதனால் 38 ஆயிரம் கையை விட்டுப் போகும்போது 65 ஆகிவிடும். வாரண்டி என்று சொல்வது பெரும்பாலும் ஓட்டிப் பார்க்கும் வரைதான்.

மூன்றாவது, இருக்கிற பாக்ஸையே பிரித்து ஓவர்ஹால் செய்வது. நான் செய்தது இதுதான், இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓவர்ஹால் என்ற ஒரே வார்த்தையைப் பத்துப் பேர் பத்து அர்த்தத்தில் சொல்கிறார்கள். முதலில் நான் கேட்ட ஒருவர் வண்டியைப் பார்க்காமலேயே போனில் "45 ரூபா ஆவும்ணா, ரெண்டு நாள்ல எடுத்துக்கலாம்" என்றார், 45 ஆயிரத்தைத்தான் அப்படிச் சொன்னார். சீல் கிட்டும் எரிந்த பிளேட்டும் மட்டும் மாற்றி, கன்வர்ட்டரை அப்படியே திரும்ப மாட்டுகிற வேலை அது. என் வண்டிக்கு அப்படிச் செய்திருந்தால் மாதக் கணக்கில்கூட ஓடியிருக்காது. ஏன் என்பதை எனக்கு விளங்க வைத்தவர் மூலக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் பாய். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் பாய் என்றே எழுதுகிறேன். வயது அறுபதை நெருங்குகிறது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பதினோரு வருடம் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் மட்டுமே பிரித்தவர். அவர் அப்பா பெரம்பூர் லோக்கோவில் ஃபிட்டர்.

அதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பெரம்பூர் ரயில்வே பட்டறை, 1955-ல் வந்த ஐசிஎஃப், செம்பியத்தில் சிம்ப்சன், எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு ஒரு டர்னரோ ஃபிட்டரோ இருந்த ஊர். அந்தக் கை இன்னும் இருக்கிறது, தேடிப் போகத்தான் நமக்குத் தெரிவதில்லை.

பாய் முதலில் வண்டியை ஓட்டவே இல்லை. என்ஜினை ஐடிலில் விட்டு, சூடு ஏறியதும் டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்தார். கண்ணாடி மாதிரி சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. "பாத்தியா தம்பி, ஸ்ட்ராபெரி பால் மாரி கீது" என்றார். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கும் ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று உண்டு, ஐந்து விநாடிக்கு மேல் செய்யக் கூடாது, அதில் கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா, கன்வர்ட்டர் போய்விட்டதா என்று தெரியும். அதைச் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். "தண்ணி குட்சா பாக்ஸைப் போட்டு முறுக்குனா மிச்சம் கீறதும் உரிஞ்சிடும், இறக்கிடலாம்" என்று என்ஜினை அணைத்துவிட்டார். எந்த டெஸ்டை எப்போது செய்யக் கூடாது என்று தெரிந்த ஆள் என்பது அந்த இடத்திலேயே எனக்குப் பட்டது.

தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகிறது? ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கு மேலே மூச்சுக்குழாய் ஒன்று இருக்கிறது, சூட்டில் காற்று விரிந்து வெளியேற வைத்தது. வெள்ள மட்டம் அதைத் தாண்டினால் தண்ணீர் அந்த வழியே இறங்கும். உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட் இரும்புத் தகடுதான், ஆனால் அதன் மேல் காகிதம் போன்ற ஒரு உராய்வுப் பொருளைப் பசையில் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் அந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போக வைக்கும். உரிந்து வரும் துணுக்கு ஃபில்டரை அடைக்கும், ஆயிலை எந்தக் கிளட்சுக்கு விடுவது என்று பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் போய் வால்வைச் சிக்க வைக்கும், பிரஷர் குறையும், பிரஷர் குறைந்ததும் நல்ல பிளேட்டும் வழுக்கி எரியும். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானாலும் இதே கதைதான், அப்போது வெள்ளமே வேண்டாம், கூலன்ட் தண்ணீரே போதும். அதனால் மழையில் நிற்காத வண்டியிலும் கியர் ஆயில் பால் மாதிரி ஆனால் ரேடியேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

கன்வர்ட்டரிலும் இதே பசைதான். அது வெல்டிங் போட்டு மூடிய தூக்குச்சட்டி மாதிரியான பொருள், வெளியிலிருந்து கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. பேனைக் கழற்றி ஆயிலை வடித்தால் மொத்தத்தில் பாதிகூட வராது, மீதி கன்வர்ட்டருக்குள்ளும் கூலர் குழாயிலும் நிற்கும். பழைய கன்வர்ட்டரை அப்படியே மாட்டினால் உள்ளே கிடக்கும் குப்பை புதுப் பிளேட்டுக்கு வந்து சேரும். பாய் அதை லேத்தில் கொடுத்து வெல்டிங்கை அறுத்துத் திறந்து, லாக்-அப் கிளட்ச் (வேகம் பிடித்ததும் என்ஜினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) மாற்றி, திரும்ப வெல்டிங் போட்டு, பேலன்ஸ் பார்த்து வாங்கினார். ரேடியேட்டரையும் புதிதாகப் போடச் சொன்னார். இந்த இரண்டையும் செய்யாத ஓவர்ஹால் ஓவர்ஹாலே இல்லை என்பது என் முடிவு, யார் என்ன விலை சொன்னாலும் சரி.

நாலு நாள் வேலையில் இரண்டு நாள் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மேஜைப் பக்கம் வேஸ்ட் துணியே வரக் கூடாது, ஒரு நூல் வால்வ் பாடிக்குள் போனால் போதுமாம் ஒரு வால்வ் சிக்க. எல்லாவற்றையும் கழுவி கம்ப்ரஸர் காற்றில்தான் காய வைக்கிறார். வால்வ் பாடியிலிருந்து வரும் வால்வ், ஸ்பிரிங், மிளகு மாதிரியான சின்னக் குண்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் முட்டை டிரேயில், வந்த வரிசைப்படி, குழிக்கு ஒன்றாகப் போகின்றன. புதுக் கிளட்ச் பிளேட்டை முதல் நாள் இரவே எவர்சில்வர் தூக்கில் கியர் ஆயில் ஊற்றி ஊறப் போட்டிருந்தார், காய்ந்த பிளேட்டைக் கோத்தால் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். பிளேட்டுகளை அடுக்கி, ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி பார்த்தார். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, கடைசித் தகட்டை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தடிமனான தகடு போட்டு மறுபடி அளந்தார். அப்புறம் ஆயில் போகும் ஓட்டையில் காற்றை விட்டார். 'டப்' என்று ஒரே சத்தம், கிளட்ச் பிடித்தது. காற்றை எடுத்ததும் விட்டது. பிளேட் அடுக்கு உட்காரும் ஒரு டிரம்மில் அந்த டப்போடு மெல்லிசாக 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது, முதலில் எனக்குக் கேட்கவில்லை, அவர் சொன்ன பிறகு காதை வைத்துத்தான் கேட்டேன். அதை முழுக்கப் பிரித்தார். புது சீலின் உதடு ஒரு இடத்தில் மடிந்திருந்தது. அது அப்படியே வண்டிக்குள் போயிருந்தால் இன்னொரு முறை பாக்ஸை இறக்க வேண்டியிருந்திருக்கும்.

பாக்ஸை ஏற்றும் முன் கன்வர்ட்டரை உட்கார வைப்பதை மட்டும் அவர் எந்தப் பையனிடமும் விடுவதில்லை. கையால் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுகிறார், ஒரு 'டொக்', இன்னும் சுற்றினால் இன்னொரு 'டொக்', கடைசியாக ஒன்று. ஒவ்வொரு டொக்கும் ஒரு பல்வரிசையில் போய் உட்கார்கிற சத்தம், கடைசி ஆயில் பம்ப்பில். பிறகு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கன்வர்ட்டர் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்தார். கடைசி டொக் விழாமல் போல்ட்டை முறுக்கினால், ஸ்டார்ட் செய்யும் முன்பே பம்ப் உடைந்துபோகும், அவ்வளவு வேலையும் வீண். "எத்தினி வருசமாச்சு, இன்னும் அளக்காம மாட்ட மாட்டேன்" என்றார்.

எனக்கு ஆன செலவை உடைத்தே சொல்கிறேன், அப்போதுதான் ஒப்பிட முடியும். டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து வரவழைத்த ஓவர்ஹால் கிட், பிளேட்டுகள், ஃபில்டர் 31,000. கன்வர்ட்டர் வேலை 12,000. சாலினாய்டு (மின்சாரத்தில் ஆயில் வழியைத் திறந்து மூடும் வால்வ்) ஒன்று 6,500. ரேடியேட்டர் 5,500. ஆயில், இரண்டாவது முறை மாற்றுவதற்கும் சேர்த்து, 10,800. பாய் லேபர் 22,000. ஆகமொத்தம் 87,800. புதுப்பேட்டை பாக்ஸை விட 20 ஆயிரத்துச் சொச்சம் அதிகம், சர்வீஸ் சென்டரில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. 38 ஆயிரம் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்ஸை வாங்குவதற்கும், ஒவ்வொரு பிளேட்டையும் கண்ணால் பார்த்து மாட்டிய பாக்ஸை வாங்குவதற்கும் நடுவில் அந்த 20 ஆயிரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த 22 ஆயிரம் லேபரில் பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்ட்ஸுக்கு நம் சென்னை ஜிபி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்குங்கள், ஆயிலுக்கு விசாரியுங்கள், அதெல்லாம் சரி. ஆனால் இரண்டு ஆள் நாலு நாள் வேலை, அதில் அந்த 'ஸ்ஸ்' சத்தத்தைக் கேட்ட காதும் சேர்த்தி. அதைக் குறைத்துக் கேட்டால் அடுத்த தலைமுறையில் இந்த வேலைக்கு ஆளே வராது. இப்போதே பாய் கடையில் இரண்டு பையன்கள்தான், அதில் ஒருவன் டெலிவரி வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

எல்லா ஊரிலும் பாய் கிடைக்க மாட்டார், ஆளை எப்படிப் பார்ப்பது? வண்டியைப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் விட வேண்டாம். கன்வர்ட்டரை என்ன செய்வீர்கள், கூலரை என்ன செய்வீர்கள், எந்த ஆயில் ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். 'எல்லா வண்டிக்கும் ஒரே ரெட் ஆயில்தான்' என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், உங்கள் வண்டிப் புத்தகத்தில் எந்த ஸ்பெசிஃபிகேஷன் போட்டிருக்கிறதோ அதுதான் ஊற்ற வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கோணியில் போட்டுக் கையில் கொடுப்பவர் நல்ல ஆள். பிரித்த பாக்ஸை நடுவில் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், முகம் மாறாமல் 'வா' என்று சொல்கிறவரிடம் விடலாம்.

நாலாவது வழி, இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுவது. எனக்குக் கிடைத்த அதிகபட்ச விலை 90 ஆயிரம். ஆர்சி 15 வருடம் முடியப் போகிறது, பாடியில் துரு, என்ஜினும் புகை என்றால் இதுதான் சரி, கியர்பாக்ஸில் காசு போடாதீர்கள். என் வண்டி என்ஜின் நன்றாக இருந்தது, ரின்யூவல் செய்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டும் எண்ணமும் இருந்தது, அதனால் விற்கவில்லை.

இப்போது மற்ற ஜாதிகள். ஏஎம்டி, 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் ஊருக்கு வந்தது, அது சாதாரண மேனுவல் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதில் ஆக்சுவேட்டர் என்ற இயந்திரம் இயக்குகிறது. அதற்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை, கிளட்ச் செட்டோ ஆக்சுவேட்டரோ பார்த்தால் போதும். சிவிடி வேறு கதை. உள்ளே எஃகு பெல்ட் இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஓடுகிறது, கப்பி முகத்தில் கீறல் விழுந்தால் அதைத் தேய்த்துச் சரி செய்ய வழியில்லை. நான் உட்கார்ந்திருந்தபோதே ஒருவர் சிவிடி வண்டியோடு வந்தார். பாய் பேனைக் கழற்றிக் காந்தத்தைப் பார்த்துவிட்டு, "இத்த நான் பிரிச்சா உன் காசும் போவும், என் பேரும் போவும். கம்பெனிலயே புதுசு போடு" என்று அனுப்பிவிட்டார். வந்த வேலையைத் திருப்பி அனுப்பும் மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. டூயல் கிளட்ச் வண்டி, அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிப்பது, என்றால் முதலில் போனது கிளட்ச் பேக்கா, அதை இயக்கும் எலக்ட்ரானிக் யூனிட்டான மெக்கட்ரானிக்ஸா என்று ஸ்கேனரில் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டை மட்டும் தனியே பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், முழுப் பாக்ஸை மாற்ற ஒத்துக்கொள்ளும் முன் அதை விசாரியுங்கள்.

பாக்ஸ் ஏறிய அன்று மாதவரம் ரவுண்டானாவிலிருந்து ஜிஎன்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம், திரும்பும்போது வேண்டுமென்றே எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வந்தோம். கன்வர்ட்டர் லாக் ஆகாமல் ஊரும்போதுதான் ஆயிலில் சூடு ஏறும், குறை இருந்தால் அப்போது தெரிந்துவிடும். ஒன்றும் தெரியவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார், போனேன். பேனைக் கழற்றி, காந்தத்தை விரலால் வழித்து, அந்தச் சாம்பல் மையை என் உள்ளங்கையில் தேய்த்தார். சில்லு எதுவும் இல்லை. பேனைத் துடைத்து மாட்டி, முன்பே வாங்கி வைத்திருந்த ஆயிலை ஊற்றினார். லேபர் எவ்வளவு என்று கேட்டேன். "இது அந்த வேலையோட சேர்ந்ததுதான்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார்.